மீன் ஐஸில் வைத்த இன்சுலின்

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. அப்புறம் தைராய்டு. கல்யாணத்துக்குப் பிறகு சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியும் படுத்துவிட்டது. என் உடம்பே என் சுரப்பிகளை எதிரியென்று நினைத்து அடிக்கிறது, அவ்வளவுதான் விஷயம். மருந்து ஒழுங்காகப் போனால் பிள்ளை பெறலாம் என்று என் டாக்டர் சொன்னார். ஊர் சொல்லவில்லை. "இவ்வளவு சீக்க வச்சிக்கிட்டு இவளுக்குப் புள்ள ஒண்ணுதான் கொறச்சல்" என்று என் காதுபடவே பேசினார்கள். அவர்கள் வாயில் மண்ணு விழ.

பிள்ளை உண்டாகி ஆறாம் மாதம், எங்கள் மீனவ ஊரான பெரியதாழையில் ஒருநாள் முழுக்கக் கரண்ட் இல்லை. மறுநாள் காலையில் எனக்குச் சர்க்கரை ஏறியது. ஃபிரிட்ஜிலிருந்து புது இன்சுலின் குப்பியை எடுத்துத் திறந்து, அளவைக் கூட்டி ஊசி போட்டேன். இறங்கவே இல்லை. மதியத்துக்குள் வாந்தி. அட்ரினல் மாத்திரையும் அதோடு வெளியே வந்துவிட்டது. அது உள்ளே தங்காவிட்டால் ரத்த அழுத்தம் விழும். நானும் போவேன், பிள்ளையும் போகும். என் புருஷனின் அம்மாவான மாமியும் நானும் காரில் தூத்துக்குடிக்கு ஓடினோம்.

தனியார் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா என்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"மசக்கைதாம்மா. எல்லாருக்கும் வர்றதுதான்."

"ஆறாம் மாசத்துல என்ன மசக்கை?"

"இன்சுலின ஒழுங்கா போட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார். "மருந்துமேல குத்தம் சொல்லாதீய. கரண்டு இல்லைன்னு நாந்தான் மீன் ஐஸுக்குள்ள பொதச்சு வச்சேன். கரண்டு வந்ததும் எடுத்து ஃபிரிட்ஜில வச்சிட்டேன். மீனே கெடல, மருந்தா கெட்டுப்போவும்?"

அடிப்பாவி! எங்கள் வீட்டில் ஐஸில் வைத்த எதுவும் கெடாது. ஆனால் ஐஸில் உறைந்து இளகிய இன்சுலினும் சாக்கடைத் தண்ணீரும் ஒன்றுதான். அந்த நிமிஷம் மாமியின் கழுத்தை நெரித்திருப்பேன். கையில் தெம்பில்லை. எழுந்து போகப் பார்த்த டாக்டரம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அட்ரினல் மாத்திரைக்குப் பதிலா போடுற ஹைட்ரோகார்டிசோன் ஊசி என் பையில இருக்கு. இப்பப் போடுங்க."

"நீங்க டாக்டரா?"

"செத்துக்கிட்டிருக்கிற நோயாளி! என் டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்க!"

வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். சனியன் விட்டால் போதும் என்றுதான் போன் போட்டிருப்பார். பேசப் பேச முகம் வெளுத்தது. ஊசி ஏறியது, சலைன் ஏறியது, நல்ல இன்சுலின் வந்தது. சாயங்காலம் பிள்ளையின் இதயச் சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். ஆத்திரத்தில்தான் அழுதேன்.

மாமி கட்டிலோரம் வந்து நின்றார். "ஏளா, ஐஸ்ல வைக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா மாமி?"

இப்போது மகள் வீடெல்லாம் ஓடுகிறாள். மாதா காப்பாற்றிவிட்டாள் என்கிறார்கள், சரி. எனக்கு மட்டும் வாயாடி என்று பெயர் நிலைத்துவிட்டது. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு கிடந்திருந்தால், எங்கள் இரண்டு பேரையும் ஒரே குழியில் வைத்துவிட்டு, "பாவம், வாயில்லாப் பூச்சி" என்று இவர்களே அழுதிருப்பார்கள்.