படம் எடுத்தவர் படத்தில் இல்லை

ஹூஸ்டன் விண்வெளி மையத்தின் படக்கூடத்தில் அல்பினா மாரெக்குக்கு ஒரே வேலைதான். நிலவுக்குப் போனவர்கள் எடுத்து வந்த படச்சுருளின் நகலை ஒளிமேசையில் விரித்து, பூதக்கண்ணாடி வழியே ஒவ்வொரு படமாகப் பார்த்து, அதில் என்ன இருக்கிறதென்று பட்டியலில் ஒரு வரி எழுத வேண்டும். முக்கால்வாசிப் படங்களுக்கு அவள் எழுதிய வரி, "மண். கற்கள்." சில படங்களில் கற்கள் இருக்காது. அப்போது "மண்" என்று மட்டும் எழுதுவாள்.

அவள் கணவன் எமில் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவன். சாப்பாட்டு மேசையில் தினமும் கேட்பான்.

"இன்னைக்கு என்ன பார்த்த?"

"மண்ணு."

"நேத்து?"

"அதே மண்ணுதான். வேற பக்கத்துலேர்ந்து."

"எங்கப்பாவோட பருத்திக் காட்டுல இதைவிட நல்ல மண்ணு கிடந்துச்சு. ஒருத்தனும் வந்து படம் பிடிக்கல," என்பான் எமில்.

எழுபத்தொன்றாம் ஆண்டுக் கோடையில், ஒரு செவ்வாய்க்கிழமை, ஆர்வில் டெட்டர் என்ற கிழவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் மேசை முன் வந்து நின்றார். நெப்ராஸ்காவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். இரண்டு நாள் பேருந்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார். அவருடைய மகன் லெஸ் அந்த ஆண்டு நிலவில் நடந்து திரும்பியவன். இப்போது ஊர் ஊராகக் கைகுலுக்கிக்கொண்டிருந்தான்.

"எம் பையன் நிலாவுல நிக்கிற படம் ஒண்ணு வேணும்மா. கடைச் சுவத்துல மாட்டணும்."

"ஏற்கனவே ஒண்ணு அனுப்பியிருப்பாங்களே ஐயா?"

"அனுப்பினாங்க. மூணு மாசம் மாட்டி வெச்சிருந்தேன். வர்றவன் போறவன் எல்லாருக்கும் எம் பையன்னு காட்டினேன். அப்புறம் தபால்காரன் வந்து கீழ இருந்த எழுத்தைப் படிச்சான். அது கூடப் போனவராம். எம் பையன் படம் பிடிச்சவனாம். இப்ப ஊரே, 'ஆர்வில், அடுத்தவன் புள்ளைய எப்ப இறக்கப் போற?'ன்னு கேக்குது."

அல்பினா அந்தப் பயணத்தின் பட்டியலை எடுத்தாள். கேமரா ஏறக்குறைய முழு நேரமும் லெஸ்ஸின் மார்பில்தான் பொருத்தப்பட்டிருந்தது. கூடப் போனவர் கொடியருகே நிற்கிறார், ஏணியில் இறங்குகிறார், குழி தோண்டுகிறார். லெஸ் எங்கும் இல்லை. அத்தனை படங்களையும் பார்த்து வரி எழுதியவள் அவள். எடுத்த ஆளைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கடைசியில், கூடப் போனவரின் தலைக்கவசக் கண்ணாடியில் லெஸ் பிரதிபலிக்கும் படத்தைக் காட்டினாள். கிழவர் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது கொசு மாதிரில்ல இருக்கு. இதை மாட்டினா துடைச்சு விட்டுடுவாங்க."

அல்பினா சுருளை நகர்த்திக்கொண்டே போனாள். ஓரிடத்தில் அவர் கை நீட்டி நிறுத்தினார். வெறும் மண். அதன் குறுக்கே நீளமாக ஒரு நிழல்.

"இவன்தான்!"

"இது நிழல் ஐயா."

"தெரியுதும்மா. இடது கால்ல சாஞ்சு நிக்கிறான் பாரு. கடையில முடி கூட்டச் சொன்னா, துடைப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு இப்படித்தான் நிப்பான். ஒரு நாளும் கூட்டினதில்ல."

அந்த உடையைப் போட்டால் யாராக இருந்தாலும் அப்படித்தான் சாய்ந்து நிற்பார்கள். அல்பினா அப்படிப்பட்ட படங்களை நூற்றுக்கணக்கில் பார்த்தவள். இருந்தாலும் படத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பட்டியலில் அந்தப் படத்துக்கு நேரே அவளே எழுதியிருந்தாள்: "மண். நிழல். பயனற்றது." பயனற்ற படங்களுக்குப் பிரதி போடுவதில்லை என்பது விதி. கிழவரை உட்கார வைத்துவிட்டு, மேலாளர் டெல்பர்ட் கூம்ஸின் அறைக்குப் போனாள்.

"பட்டியல்ல ஒரு திருத்தம் இருக்கு சார்."

"என்ன திருத்தம்?"

"நிழல்னு எழுதியிருக்கேன். யாரோட நிழல்னு எழுதல. பயனற்றதுன்னு போட்டதும் தப்பு."

"பயன் இருக்குன்னு யார் சொன்னது?"

"வெளிய உக்காந்திருக்கார்."

கூம்ஸ் கதவிடுக்கு வழியே எட்டிப் பார்த்தார். கிழவர் சும்மா இருக்க முடியாமல், பக்கத்து மேசை ஆளிடம் அவருடைய கிருதா ஒரு பக்கம் இறங்கியிருப்பதை விளக்கிக்கொண்டிருந்தார்.

"காரணத்தை எழுத்துல குடு. கோப்புல இருக்கணும்," என்று கூம்ஸ் கையெழுத்துப் போட்டார்.

அல்பினா பழைய வரியை அடித்துவிட்டு, "படம் எடுத்தவர் லெஸ் டெட்டர், நின்ற நிலையில்" என்று எழுதினாள். பெரிய அளவில் பிரதி போட்டு, மடங்காமல் இருக்க அட்டைக் குழாயில் சுருட்டிக் கொடுத்தாள். பேருந்தில் அதை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று அவள் கேட்காமலே கிழவர் உறுதியளித்துவிட்டுப் போனார். காரணத்தை எழுத்தில் கொடுப்பது எப்படி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கூம்ஸ் வாரம் ஒருமுறை நினைவூட்டினார்.

ஜனவரியில் ஆர்வில் டெட்டரிடமிருந்து கடிதம் வந்தது. படத்தை நிலைக்கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கிறாராம். "அது என்ன, கரடியா?" என்று தபால்காரன் கேட்டானாம். அவனுக்கு இனிமேல் கடையில் ஓசிச் சவரம் கிடையாதாம். கிறிஸ்துமஸுக்கு வந்த லெஸ் படத்தைப் பார்த்து முகம் சுளித்தானாம்.

"இதையாப்பா மாட்டின? இது தப்பா எடுத்தது. நம்ம நிழல் உள்ள விழக்கூடாதுன்னு எங்களுக்கு ரெண்டு வருஷம் பாடம் நடத்துனாங்க."

"நல்லவேளை நீ கேக்கல. நீ எப்பதான் கேட்டிருக்க!" என்றாராம் அப்பா.

அல்பினா மேசையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்டு கூம்ஸ் வந்தார். அவள் கடிதத்தை நீட்டினாள். நின்றபடியே முழுவதும் படித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு ஓரத்தில் இரண்டு துளையிட்டு, தேதி முத்திரை குத்தி, திருத்தக் கோப்பில் காரணம் இருக்க வேண்டிய இடத்தில் அதைச் செருகினார்.