பச்சைக்காயும் பேன்சீப்பும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிரந்தர லீவு விட்ட எனக்கு, கொட்டச்சேடு பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பதுதான் முதல் வேலை. பக்கத்துச் செடியில் சரசக்கா சிவந்த பழமாகப் பார்த்து ஒவ்வொன்றாய்க் கிள்ளுவார்.

"ஏனுங்கக்கா, செடிக்குப் பேன் பாக்கறீங்களா?" என்று நாளெல்லாம் சீண்டினேன். நானோ கிளையை அப்படியே உருவி, மத்தியானத்துக்குள் சாக்கை நிரப்பிவிட்டேன்.

சாயங்காலம் எடை போடும் ரைட்டர் என் சாக்கைக் கொட்டினார். பாதிக்குமேல் பச்சைக்காய்.

"பச்சையெல்லாம் பொறுக்கிட்டு வாடா. பழம் ஏத்தற லாரி கெளம்பிருச்சுன்னா இன்னிக்குக் கூலி கெடையாது."

பொறுக்கப் பொறுக்கக் குறையவே இல்லை. மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது எதிரில் வந்து உட்கார்ந்தார் சரசக்கா.

"நவுரு சாமி. பேன் பாக்கறது எனக்கு நொம்பப் பழக்கம்."

லாரி உறுமும்போது என் சாக்கும் அதில் ஏறிவிட்டது.

சனிக்கிழமை என் முதல் சம்பளக் கவர் கைக்கு வந்ததும், கடைக்கு ஓடி அக்காவுக்கு ஒரு பேன்சீப்பு வாங்கிக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை அக்கா அதைக் கொண்டையில் செருகிக்கொண்டு வேலைக்கு வந்தார்.

இன்றும் என் வாய் அடங்கவில்லை. பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகத்தான் கிள்ளுகிறேன்.