நல்ல பழம் இருக்கட்டும்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் குளிரோடு சேர்ந்து, கனிந்து உடைந்த கொய்யாவின் வாசனை முகத்தில் வந்து அடிக்கும். இனிப்பும் புளிப்பும் கலந்து லேசாக நெடியேறும் அந்த வாசனைதான் கொய்யாப்பழத்தின் வாசனை என்று வெகுநாள் வரைக்கும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுப் பெண் ஒரு நாள் பாதி கடித்த கொய்யாவை என்னிடம் நீட்டியபோது, "இது காயி, பழுக்கல" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

அத்தாவுக்குக் கள்ளக்குறிச்சி கடைவீதியில் பாத்திரக்கடை. எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். கடையில் பழைய சரக்கு முன்னால் நிற்க வேண்டும், அது விற்றுப் போன பிறகுதான் புதுச்சரக்கில் கை வைக்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். அதை அப்படியே வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். சந்தையிலிருந்து வந்ததும் பையைக் கூடத்தில் கொட்டித் தானே உட்கார்ந்து பிரிப்பார். அடிபட்டது, நசுங்கியது, புழு குத்தியது எல்லாம் "இன்னிக்கு". தொட்டால் லேசாக அமுங்குவது "நாளைக்கு". கெட்டியாய், பளபளப்பாய் இருக்கிற நல்ல பழங்கள் "இருக்கட்டும்". "இன்னிக்கு" தீர்வதற்குள் "நாளைக்கு" கெட்டுவிடும். அதைத் தின்று முடிப்பதற்குள் "இருக்கட்டும்" அமுங்கத் தொடங்கியிருக்கும். அதற்குள் அடுத்த சந்தை வந்துவிடும். எதையும் அது நன்றாக இருக்கும்போது நாங்கள் தின்றதே கிடையாது.

இத்தனைக்கும் காய்கறியைக் கெடாமல் வைக்க அம்மாவைப்போல் அந்தத் தெருவிலேயே ஆள் இல்லை. பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளி, ஈரமில்லாமல் துடைத்துத் துணிப்பையில் போடுவாள். கொத்தமல்லியை வேரோடு தண்ணீர் டம்ளரில் நிறுத்துவாள். கீரையை ஈரத்துணியில் சுருட்டி வைப்பாள். தக்காளியை ஒன்றன்மேல் ஒன்று படாமல் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி பரப்புவாள். அவ்வளவு பாடுபட்டு அவள் காப்பாற்றி வைத்ததெல்லாம் கெடுகிற நாள் வரைக்கும் காத்திருந்து, கெட்ட பிறகு எங்கள் தட்டுக்கு வந்தது. அதிலும் வெட்டித் தேறிய நல்ல துண்டு அத்தாவுக்கு, அடுத்தது எனக்கு, கறுத்த இடத்தை ஒட்டியிருக்கும் மிச்சம் அம்மாவுக்கு. அதையும் அவள் பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்றபடியே தின்பாள்.

என் தம்பி அம்மா வயிற்றில் இருந்த வருஷம் அது. சோறு வாசனை பட்டாலே அம்மாவுக்குக் குமட்டும். சீத்தாப்பழக் காலம். கரியாலூரிலிருந்து வந்து அத்தாவிடம் பாத்திரம் வாங்கும் ஒருவர், மலையில் பறித்த சீத்தாப்பழத்தை ஒரு சாக்கு நிறைய வீட்டிலேயே கொண்டு வந்து இறக்கிவிட்டு, "வூட்ல வாயும் வயிறுமா இருக்காங்கன்னு சொன்னீங்களே பாய், அவங்க துன்னட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சீத்தாப்பழம் காத்திருக்கிற பழம் இல்லை. இன்றைக்குப் பழுத்தால் நாளைக்கு வெடித்துவிடும்.

அம்மா வாய்விட்டு ஒன்றைக் கேட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஏங்க, அந்தப் பெருசுல ஒண்ணு எடுத்துக்கட்டுமா? வாய்க்கு நல்லா இருக்கும்போல தோணுது."

அத்தா கோபப்படவில்லை. கடைக்கு வருகிறவரிடம் விலை சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"வெள்ளிக்கெழம உளுந்தூர்பேட்டைலேர்ந்து அண்ணன் வூட்ல எல்லாரும் வராங்க. நல்லது அவங்களுக்கு இருக்கட்டும். வெடிச்சது ஜாஸ்தியா இருக்குது பாரு, அத துன்னு."

அம்மா வெடித்ததைத் தின்றாள். நல்லதெல்லாம் ஃப்ரிட்ஜுக்குள் போயிற்று. வெள்ளிக்கிழமை பெரியத்தா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அடுத்த வாரம் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் வருவதற்குள் பழங்கள் தோல் கறுத்து, உள்ளே நீர்விட்டுப் போயிருந்தன. "வீணாக்க வேணாம், நீயே எடுத்துக்கோ" என்றார் அத்தா. அம்மா ஒன்றைப் பிளந்து தின்றாள். கொஞ்ச நேரத்தில் கொல்லையில் உட்கார்ந்து குடல் வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தாள். அத்தா வாசற்படியில் நின்றுகொண்டு, "பாத்து துன்னக் கூடாதா, இன்னா பொம்பள நீ" என்றார்.

நான்தான் அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தேன்.

அடுத்த சந்தைக்கு அத்தா கொய்யா வாங்கி வந்தார். வழக்கம்போலப் பிரித்து, நல்லதை உள்ளே வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து கீழ்த்தட்டை வெளியே இழுத்து, ஒரு பழம் விடாமல் ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்து வைத்தேன். கெட்டது முதலில் என்பதுதானே சட்டம்? எல்லாவற்றையும் கெடுத்துவிட்டால் எல்லாமே "இன்னிக்கு" ஆகிவிடும் அல்லவா? அம்மா வந்து பார்த்துவிட்டு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"கடிச்சத வெக்க முடியாது இல்ல? நீ துன்னும்மா" என்று அழுதுகொண்டே சொன்னேன்.

அம்மா என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். பிறகு அடித்த கையாலேயே ஒரு பழத்தை எடுத்துச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கடித்தாள். நறுக்கென்று சத்தம் கேட்டது. இன்னொன்று எடுத்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொய்யாவின் உண்மையான வாசனை என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் அத்தா கேட்டபோது, "நான்தான் கடிச்சேன், மசக்க" என்றாள் அம்மா. மீந்திருந்த பழங்களில் சின்னப் பல் பதிந்திருந்ததை அத்தா திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் காலை ஃப்ரிட்ஜைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். அந்தக் காலத்து ஃப்ரிட்ஜுக்குச் சாவி உண்டு. அதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. அன்றிலிருந்து அது அவர் பையிலேயே இருந்தது. தம்பி பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் அப்படித்தான்.

உங்கள் அத்தா சின்ன வயதில் பட்டினி கிடந்தவர், அதனால்தான் அப்படி என்று சொந்தக்காரர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது பொய் இல்லை. ஆனால் அவர் பட்ட பட்டினிக்கு ஏன் அம்மா அழுகியதைத் தின்ன வேண்டும் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பூட்டிய அந்த ஃப்ரிட்ஜ் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. இப்போது அந்த வீட்டில் தம்பியின் மனைவி சமைக்கிறாள். போன முறை நான் போயிருந்தபோது ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பப்பாளியை எடுத்தாள். ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. அப்படியே குப்பை வாளியில் போட்டுவிட்டு, அன்று காலையில் வாங்கியதை வெட்டத் தொடங்கினாள்.

"அது துன்னலாமேம்மா" என்றார் அத்தா.

"அது போச்சு மாமா. இது நல்லா இருக்குது, துன்னுங்க" என்று சொல்லித் தட்டை நீட்டினாள்.

அவ்வளவுதான். அத்தா வாங்கித் தின்றார். இன்னும் ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றார். அம்மாவும் தின்றாள். அம்மாவின் ஆயுளையே தின்ற ஒரு சட்டம் ஒரு வாளியில் விழுந்து போனது; யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. இவ்வளவு சுலபமாகப் போகிற ஒன்றா அது?

"அன்னிக்கு அம்மா சீத்தாப்பழம் கேட்டாங்களே அத்தா, ஏன் நீங்க குடுக்கல?" என்று கேட்டேன்.

"எந்த சீத்தாப்பழம்?" என்றார். அவர் நடிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். அவருக்கு அது நினைவிலேயே இல்லை.

"வுடு, அது இன்னாத்துக்கு இப்ப" என்று அம்மா என் பக்கமாகத் தட்டைத் தள்ளினாள்.

நான் தொடவில்லை. எழுந்து வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிலையம் வரைக்கும் நடந்தே போனேன்.