தானியேல் பெரியப்பாவின் தண்ணீர்க் குப்பி

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பைத் தரம் பிரிக்கும் சாம்சனுக்குப் பட்டாளத்துத் தண்ணீர்க் குப்பி என்றால் அத்துப்படி. லோடில் ஒன்று வந்தால் கழுத்தோரம் விரலால் தடவுவார். அலுமினியமும் திருகு மூடியும் என்றால் பிந்தியது. நீல எனாமலும் தக்கையும் என்றால் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தது. அதிலும் கழுத்தில் குத்திய வருஷ எண்ணின் பள்ளத்துக்குள் எனாமல் ஓடியிருக்க வேண்டும். எண்ணைக் குத்திய பிறகுதானே எனாமல் பூசினார்கள்.

இதெல்லாம் தானியேல் பெரியப்பா பர்மாச் சண்டையிலிருந்து கொண்டுவந்த குப்பியைத் தடவித் தடவித் தெரிந்துகொண்டது. அந்தக் குடும்பத்தில் யார் சாகக் கிடந்தாலும் கடைசி வாய்த் தண்ணீர் அதிலிருந்துதான். பெரியப்பா, பெரியம்மா, சாம்சனின் அப்பா, பொன்னேரியில் கட்டிக்கொடுத்த அத்தை என்று எல்லாரும் அதில் குடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்கள்.

இப்போது பெரியப்பா மகள் விக்டோரியா படுத்துவிட்டாள். இரண்டு நாளாக ஒரே பேச்சு: "சாம்சா, அப்பா குப்பி எங்கடா?"

குப்பி அவள் மருமகன் ஜெரால்டிடம் இருந்தது. பட்டாளத்துப் பழஞ்சாமான் என்று போனில் படம் போட்டு விற்கிறவன். படம் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போயிருந்தான்.

சாம்சன் அவன் கொட்டகைக்குப் போனார். வாசலிலேயே நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. ஒரு பீப்பாய் நிறைய நுரை கட்டிய மஞ்சள் தண்ணி. அதில் கம்பளி உறை போட்ட குப்பிகள் ஊறின. மேலே ஈ.

"இன்னா மாப்ள இது?"

"பழசாக்கினுகீறேன் மாமா. மாட்டு மூத்திரம், டீத்தூளு. ரெண்டே வாரத்துல எம்பது வயசு ஏறிடும்!"

"அக்கா குப்பி எங்க?"

"அதுவும் உள்ளதான் கீது. அத்தை வருஷா வருஷம் ஈஸ்டருக்குத் தொவைச்சுத் தொவைச்சு, உறை புதுசாட்டம் இருந்துச்சு. ஒருத்தனும் நம்பல. டூப்ளிகேட்டுன்ட்டானுங்க."

சாம்சன் முழங்கை வரை கையை விட்டார். எடுத்ததெல்லாம் போலி. எண்ணைச் சுற்றி எனாமல் உதிர்ந்து, நேற்றுக் குத்தியது என்று பல்லைக் காட்டியது. எட்டாவது குப்பியில் விரல் நின்றது. பள்ளத்துக்குள் வழவழவென்று எனாமல். பெரியப்பாவுடையதேதான். உறை அழுகிய தோல் மாதிரி கையோடு வந்தது. வேலியோரம் குனிந்து காலையில் தின்ற நாஷ்டாவைக் கக்கினார்.

அக்கா வீட்டில் மிச்ச உறையையும் கிழித்து எறிந்தார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். மூன்று தரம் வெந்நீர் ஊற்றிக் குலுக்கினார். புதுத் தக்கை செதுக்கிப் போட்டார். ஒன்றும் தெரியாதவன் போல ஜெரால்டும் வந்து கட்டில் காலண்டை நின்றான்.

சாம்சன் குப்பியை விக்டோரியாவின் வாயருகே கொண்டுபோனார். உதடு திறந்தது. அப்புறம் மூக்கு சுருங்கியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இன்னாடா நாத்தம் இது? மாட்டுக் கொட்டாயா?"

சாம்சன் ஜெரால்டைப் பார்த்தார். அவள் கண்ணும் அங்கே போனது. இரண்டு நாளாக எழாத தலை தலையணையை விட்டு எழுந்தது.

"எனக்கு டம்ளர்ல குடு சாம்சா. அதை அவன் வாயில ஊத்து."