ஆபரேஷன் தேதி கேட்டு ஜெபிச்சோம்

சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் பேரு எஸ்தர். பெரிய காஞ்சிபுரத்துல பட்டுக் கடையில புடவை எடுத்துக் காட்டற வேலை. எனக்குப் பொறுமைன்றது சுத்தமா கிடையாது, என் வூட்டுக்காரரைக் கேட்டா கதை கதையா சொல்லுவார்.

போன வருஷம் லெந்து உபவாச நாட்களுக்கு முன்னாடி மார்புல ஒரு கட்டி தட்டுப்பட்டுது. டெஸ்ட் எடுத்தா கேன்சர், அதுவும் வேகமா பரவற வகைன்னாங்க. எம் பொண்ணு அப்போ பிளஸ் டூ பரிச்சைக்குப் படிச்சுக்கினு இருந்தா. நான் போயிட்டா அவளுக்குத் தாய்னு யாரு இருக்காங்கன்னு நினைச்சு நினைச்சு அழுதேன். மரணத்துக்கு பயமில்லன்னு எத்தனை வருஷமா பாட்டு பாடியிருக்கேன். பயந்துட்டேங்க.

"ஆண்டவரே, சீக்கிரம் ஆபரேஷன் நடக்கணும், இத வெட்டி எறியணும்." இதுதான் என் ஜெபம். நீங்களும் சங்கிலி ஜெபம் வெச்சு, ஆளுக்கொரு மணி நேரம் பிரிச்சுக்கினு, தேதி கிடைக்கணும்னு உபவாசம் இருந்தீங்க.

சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, "ஆபரேஷன் இப்ப வேணாம்மா. மொதல்ல மருந்து, சில மாசம் போகட்டும்"னாங்க. எனக்குக் கோவம் பொத்துக்கினு வந்துது. "இத உள்ளயே வெச்சுக்கினு நான் சாகணுமா?"ன்னு கத்திட்டேன். வூட்டுக்காரர் கையைப் புடிச்சு, "இரு மா, அவங்க சொல்றத கேளு"ன்னார்.

டாக்டரம்மா கோச்சுக்கல. "கீமோவோட இன்னொரு மருந்தும் குடுக்கறோம். அது உங்க எதிர்ப்பு சக்தியை முடுக்கி விடும். கட்டி இருக்கும்போதே குடுத்தா, எதிரி யாருன்னு உடம்பு நல்லா பாத்து வெச்சுக்கும். பின்னால எங்கயாவது ஒளிஞ்சிருந்தாலும் தேடிப் புடிக்கும். மொதல்லயே வெட்டிட்டா எதைப் பாத்து கத்துக்கும், சொல்லுங்க?"

திரும்பி வர்ற பஸ்ஸுல எனக்கு ஒரே நினைப்புதான். நாம கேட்டது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. கர்த்தர் என்னைக் கைவிட்டுட்டார்னு மனசு கசந்துது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டினதும் வூட்டுக்காரர் மெதுவா, "அந்த எதிர்ப்பு சக்தியை உன் உடம்புல வெச்சது யாரு?"ன்னார். அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் ஐயா, "எஸ்தர் சகோதரிக்கு சீக்கிரம் ஆபரேஷன் நடக்க ஜெபிப்போம்"னார். நான் எழுந்து, "ஐயா, அது மட்டும் வேணாங்க. இப்ப நடக்கக் கூடாதுன்னு ஜெபம் பண்ணுங்க"ன்னேன். சபையே திரும்பிப் பாத்துது. எனக்குப் புத்தி கலங்கிப் போச்சுன்னு சில பேர் நினைச்சீங்கன்னு எனக்குத் தெரியும்.

மருந்து ஏறின மாசங்கள் லேசுல போகல. முடி கொட்டிச்சு, வாயெல்லாம் புண்ணாச்சு. ஆனா ஒரு நாள் குளிக்கறப்போ தொட்டுப் பாத்தா, கட்டி பாதியா கொறைஞ்சிருந்துது. ஈரத் தரையிலயே முட்டி போட்டுட்டேன்.

மழைக்காலத்துல ஆபரேஷன் பண்ணி, எடுத்த சதையை டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. ரிசல்ட் வந்த அன்னிக்கு டாக்டரம்மா, "உயிரோட ஒரு கேன்சர் செல் கூட கண்ணுல படலம்மா"ன்னாங்க. எல்லாருக்கும் இப்படி ஆகாதுன்னும் சொன்னாங்க. எனக்கு ஏன் ஆச்சுன்னு எனக்குத் தெரியல. நன்றி சொல்ல மட்டும்தான் தெரியுது. கர்த்தருக்கும் நன்றி, அந்தம்மாவுக்கும் நன்றி. பொண்ணு இப்ப காலேஜ் போறா, நான் திரும்ப கடையில நிக்கறேன், செக்கப் போயிக்கினு இருக்கேன்.

இங்க உக்காந்திருக்கற தங்கச்சிங்க யாராவது ஒரு கட்டியை மறைச்சு வெச்சுக்கினு, ஜெபம் மட்டும் பண்ணிக்கினு இருந்தா, ஆராதனை முடிஞ்சதும் என்கிட்ட வா மா. நாளைக்கே ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போலாம். போற வழியில ஜெபம் பண்ணிக்கலாம்.