கல்யாணக் கார் கிளம்பவில்லை

ரூ காய் என்னும் பிரெஞ்சுத் தெருவின் அலங்காரக் கடை வாசலில் கல்யாணக் கார் நிற்கிறது. மதுரையிலிருந்து வந்த விருந்தாளி என்பதால் எனக்கு முன் இருக்கை. பின்னால் மணப்பெண்ணும் அவள் அம்மாவும். தோளில் ஊசி குத்திய சேலை மடிப்பு கசங்கக்கூடாது என்று அம்மா, மகளின் சீட் பெல்ட்டைக் கைக்குக் கீழாகக் கொடுத்து மாட்டியிருக்கிறார்.

காரோட்டும் தாய்மாமன் கண்ணாடியில் அதைப் பார்த்ததும் எஞ்சினை நிறுத்துகிறார்.

“அக்கா, அதைத் தோளாலை போட்டுவிடுங்கோ.”

“மடிப்புக் குலைஞ்சிடும் தம்பி. நல்ல நேரமும் போகுது, எடு.”

“கைக்குக் கீழாலை போட்டா, இடிபடேக்கை விலா முறியும். நான் எடுக்கமாட்டன்.”

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். பின்னால் ஹாரன் அலறுகிறது. கல்யாண நாளில் என்ன பிடிவாதம் இது என்று எனக்கு எரிச்சலாக வருகிறது.

மணப்பெண் மாலையைக் கழற்றி மடியில் வைக்கிறாள். பெல்ட்டைத் தோள் வழியாக இழுத்து, ஒட்டியாணத்துக்குக் கீழே இடுப்பெலும்பில் படியவிட்டு மாட்டுகிறாள்.

“சரியோ மாமா?”

“ஓம்.”

ஆனாலும் சாவி வெளியே வரவில்லை. அவர் என் பக்கம் திரும்புகிறார். ஊர் வழக்கப்படி, காரின் எச்சரிக்கை மணி அடிக்காமலிருக்க, பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டி அதன்மேல் சாய்ந்திருக்கிறேன்.

“உங்களுக்கு என்ன மடிப்பு அண்ணை குலையப்போகுது?”