பினாங்கில் நான் மூட்டக் கொடுத்த கல்யாணத் துணி

பினாங்குக்கு நான் போன முதல் காரணம் சாப்பாடு. அதை மறைப்பானேன். இரண்டாவது காரணம் கீழ் வீட்டு ரோமிதா. மணிப்பூர்க்காரப் பெண், மெய்தெய் இனம். சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் ஐந்து வருடமாகக் குடியிருக்கிறாள், நர்ஸ் வேலை. அவள் தங்கை லின்தோய் பினாங்கின் பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் தமிழ்ப் பையனோடு அவளுக்குக் கல்யாணம். நான் டிக்கெட் போட்டிருந்த அதே மார்ச் வாரத்தில்! போக வர 18,400 ரூபாய்.

ரோமிதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. இம்பாலில் இருக்கும் அம்மாவுக்கு பாஸ்போர்ட் வந்து சேரவில்லை. ஆகவே ஒரு துணிப் பொட்டலம் என் கைக்கு வந்தது. "அக்கா, இது அம்மாவோட கல்யாண ஃபனெக். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கச்சி இதைத்தான் கட்டணும். பெட்டியில போடாதீங்க, கையிலயே வெச்சுக்கங்க" என்றாள். ஃபனெக் என்பது மெய்தெய் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் துணி. மேலே இன்னஃபி என்று கொசுவலை மாதிரி மெல்லிய ஒரு போர்வை.

வியாழன் காலை எட்டேகாலுக்கு இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு 401 பேருந்து, இரண்டு வெள்ளி எழுபது காசு. அங்கே ரிங்கிட்டை நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நடத்துநர் கிடையாது, சில்லறையைச் சரியாக வைத்திருங்கள். லிட்டில் இந்தியாவில் அறை, ஒரு நாளைக்கு 85 வெள்ளி. குளித்து முடித்ததும் பொட்டலத்தைப் பிரித்தேன். பிரிக்காதே என்று யாரும் சொல்லவில்லையே!

அடேயப்பா, என்ன நிறம்! அடர் ரோஜா நிறத்தில் கறுப்புக் கோடுகள் குறுக்கே ஓட, மேல் கரையிலும் கீழ்க் கரையிலும் தாமரை தாமரையாகக் கைவேலை. தடவிப் பார்த்துக்கொண்டே வந்தவள் பக்க ஓரத்தில் நின்றுவிட்டேன். இரண்டு ஓரமும் இணையாமல் திறந்து கிடந்தன. கைலி வாங்கினால் மூட்டித்தானே கட்டுவோம்? பழைய தையல் விட்டுப்போயிருக்கும், கல்யாண அவசரத்தில் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நானே முடிவு கட்டினேன். எனக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது.

வெள்ளி காலை ஒன்பதரைக்கு, கடைத்தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு தமிழ் முஸ்லிம் தையல்காரரிடம் போனேன். அறுபது வயதிருக்கும். கழுத்தில் டேப்பு, வாயில் குண்டூசி. "மூட்டணும்ணே, இன்னைக்கே வேணும், கல்யாணத் துணி" என்றேன். "எல்லாருக்கும் இன்னைக்கேதான் லா வேணும்" என்று, பேச்சுக்குப் பேச்சு அந்த ஊர்க்காரர்கள் போடும் 'லா'வோடு அலுத்துக்கொண்டார். பிறகு, "ஜும்மாவுக்கு முன்னாடி தச்சு வெக்கிறேன், ரெண்டே முக்காலுக்கு வாங்க. எட்டு வெள்ளி" என்றார்.

ஒரு மணிக்கு நாசி கண்டார் என்கிற சோறும் குழம்பும் நிறைந்த தட்டின் முன்னால் உட்கார்ந்து லின்தோயைப் போனில் கூப்பிட்டேன். நல்ல காரியம் செய்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மூட்டக் கொடுத்த கதையைப் பெருமையாகச் சொன்னேன்.

"அக்கா... மூட்டிட்டீங்களா?" லின்தோயின் தமிழ் தொழிற்சாலைத் தோழிகளிடம் கற்றது, சுத்தமான பினாங்குத் தமிழ். "அது திறந்துதான்க்கா இருக்கணும். சுத்தி மடிச்சுக் கட்டுறது லா. எங்க ஊர்ல கல்யாணப் பொண்ணுக்கு டிரம் மாதிரி வெறப்பா ஒரு பாவாடை உண்டு, அது பெட்டியில அடங்காது. அதான் அம்மா இதை அனுப்பினாங்க. அஞ்சு மணிக்கு அவங்க வீடியோல வர்றாங்களே..."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அழுகையை விழுங்கிக்கொண்டு, "பரவால்லக்கா, வேற ஏதாவது கட்டிக்கிறேன்" என்றாளே, அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. கோழிக்குழம்பை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். கடை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை. பூட்டிய கதவுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றேன், அந்த வெயிலில். பார்த்திராத ஓர் அம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எந்த மொழியில் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை.

தையல்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "காலையிலயே சொல்லக்கூடாதா? தையலப் பிரிச்சுடலாம், பத்து நிமிசம். ஆனா ஓரம் கோணலா இருந்துச்சுன்னு ஒரு வெரக்கட வெட்டிட்டேனே."

அவர் பிளேடை எடுத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு இழையாகப் பிரித்தார். துணியில் ஒரு கீறல் இல்லை. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து, என் சீட்டோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்த அந்த நறுக்கை எடுத்துக் கொடுத்தார். ஒரு விரல் அகலம், இரண்டு முனையிலும் அரைத் தாமரை. "வெட்டினதும் ஒங்க துணிதான் லா. குப்பையில போட்டுப் பழக்கமில்ல" என்றார். எட்டு வெள்ளியை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

செயலியில் கார் பிடித்தேன். பதினேழு கிலோமீட்டர், 24 வெள்ளி. "அண்ணே, அஞ்சுக்குள்ள போயிடுவோமா?" என்று ஏறியதும் கேட்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "வெள்ளிக்கிழம ஜாம் இருக்கும் லா அக்கா. கடலோர ரோட்டுல போறேன், நீங்க மொதல்ல தண்ணியக் குடிங்க." நான்கு இருபதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார், மகராசன்.

லின்தோயின் அடுக்ககக் கதவைத் திறந்தது அவள் தம்பி நவோபா. அக்கரையில், மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான், அன்றைக்குப் பெண் வீடு என்று இருந்தது அவன் ஒருவன்தான். துணியை லின்தோய் கையில் கொடுத்தேன். பிறகு, சொல்லாமலே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் வந்த நப்பாசையைத் தள்ளிவிட்டு, நறுக்கையும் நீட்டினேன். "வெட்டிட்டாங்கம்மா. என்னாலதான். மன்னிச்சுடு."

அவள் வாங்கிப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். இருவரும் அவர்கள் மொழியில் ஏதோ சொல்லிக்கொள்ள, நவோபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போச்சுடா, குடும்பமே அழுகிறது என்று நினைத்தேன்.

"அக்கா, எங்கள்ல அம்மா கட்டின ஃபனெக்ல ஒரு துண்டு கூட இருந்தா ஆபத்து வராதுன்னு நம்பிக்கை" என்றாள் லின்தோய். "இவன் மூணு வருசம் முன்னாடி அவசரமா கெளம்பி வந்தான், எடுத்துக்காமலே வந்துட்டான். அதையே சொல்லிக்கிட்டு இருப்பான் லா."

மணப்பெண் தன் கையாலேயே அந்த நறுக்கை மூன்றாக வெட்டினாள். ஒன்று தம்பியின் பர்சுக்குள் போனது, ஒன்றை ரோமிதாவுக்கு என்று எடுத்து வைத்தாள். ஐந்து மணிக்கு, இந்தியாவில் இரண்டரை, அம்மா திரையில் வந்தார். ரோஜா நிற ஃபனெக்கை இழுத்துச் செருகி, வெள்ளை இன்னஃபி போர்த்தி நின்ற மகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு லின்தோய் என்னைக் காட்டி முழுக் கதையையும் சொன்னாள். நான் கும்பிட்டபடி நின்றேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார் பாருங்கள், மத்தியானத்திலிருந்து நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அப்போதுதான் இறங்கியது. "அம்மாவக் கேட்டிருந்தா வெட்ட விட்டிருக்க மாட்டாங்களாம்" என்று மொழிபெயர்த்தாள் லின்தோய். "இன்னொரு துண்டு ஒங்களுக்காம். ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் வெச்சுக்கச் சொல்றாங்க."

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை முதல் இரண்டே முக்கால் வரை தையல், துணி வேலை எதையும் நம்பாதீர்கள். பாயான் லெப்பாஸுக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கோழிக்குழம்பை மறுநாள் போய்ச் சாப்பிட்டேன், 11 வெள்ளி, அருமை. அடுத்தவர் துணியைக் கொண்டுபோனால் கொண்டுபோய்க் கொடுங்கள், அவ்வளவுதான் உங்கள் வேலை.

ஊர் வந்து சேர்ந்து ஒரு மாதமாகிறது, துண்டு இன்னும் என் பர்சில்தான் இருக்கிறது. ஓரத்தில் இழை பிரிந்துகொண்டே வருகிறது. ஊசி நூலை எடுக்கக் கை பரபரக்கிறது. எடுக்க மாட்டேன்.